இரண்டு ஜெர்சிகளுக்கு நடுவே

பிரேம்நாத் மாஸ்டரின் வலது கை மஞ்சள் ஜெர்சிக்குள் போய்விட்டது. இடது கை நீலத்துக்குள். தலை எதற்குள் போவது என்பதுதான் முடிவாகவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்த உடம்பை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பின்மண்டை பலகையில் ணங்கென்று இடித்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனைவி அம்பிகாவைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஃபுட்பால் ஆடியவன் செத்தால் டீம் ஜெர்சி போட்டுத்தான் எடுப்பார்கள் அந்த ஊர்ப் பக்கத்தில். மாஸ்டரோ தோல் கம்பெனி டீமுக்குக் கோல் கீப்பர், டவுன் டீமுக்கு ஃபார்வர்டு, ஆள் குறைந்த நாளில் பேக், வயசானதும் இரண்டுக்கும் மாறி மாறி கோச். எந்தப் பக்கம் மரியாதை ஜாஸ்தியோ அந்தப் பக்கம் விசுவாசம்.

டவுன் டீம் செக்ரட்டரி சுந்தரமூர்த்தி ஒரு கையால் மஞ்சளை இழுத்தபடியே மறு கையில் மைக்கைப் பிடித்திருந்தார்.

"எல்லா இடத்திலும் ஆடிய பன்முகச் சிகரம்! வலது கால், இடது கால், தலை, அனைத்தையும் ஆயுதமாக்கிய அண்ணல்!"

அம்பிகா மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டாள். வலது கால் சரி, அது கல்யாணமான புதிதில், விலாவில். இடது கால், மகன் பரணி வயிற்றில் இருந்தபோது. தலையால் மூக்கு. செக்ரட்டரி கைகளைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கோல் கீப்பருக்குக் கை பெரிசு.

கோச்சானபின் பையன்களையும் அடித்தார். அவர்கள் அதை ட்ரெயினிங் என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள். அவளுக்கு அப்படியொரு கௌரவமான பெயர் கிடைக்கவில்லை.

இப்போது அவள் பிணத்தைப் பார்க்கவில்லை. கொள்ளி வைக்கத் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு நின்ற மகன் பரணிதரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலவை ஊரிலிருந்து தமிழினியைக் கட்டிவைத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. இதுவரை அவள்மேல் கை வைத்ததில்லை. போன வாரம் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். "தட்டுதானே அத்தே" என்றாள் தமிழினி. அம்பிகாவும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னாள்.

"இன்னா செக்ரட்டரி, வுடுய்யா கைய! அவரு எங்க கீப்பரு" என்றார் கம்பெனி டீம் வாஹித் பாஷா. மாஸ்டரிடம் அறை வாங்கியே கேப்டனானவர்.

"உங்களுக்குக் காவல் காத்தாரு. கோல் அடிச்சது எங்களுக்குய்யா!"

"ஆமா, ஃபைனல்ல செல்ஃப் கோல் அடிச்சதும் உங்களுக்குத்தான்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செக்ரட்டரி மைக்கைப் பாஷாவின் நெற்றியில் இறக்கினார். 'டொம்' என்ற சத்தம் ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. நீல ஜெர்சியில் ரத்தம் சொட்டியது. அதற்குப்பின் பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. பாடைக்கு வைத்திருந்த மூங்கில் ஒருவன் தோளில் முறிந்தது. பெஞ்சு கவிழ்ந்து, மாஸ்டர் இரண்டு டீமுக்கும் நடுவில் குப்புற விழுந்தார்.

"எங்கப்பனயா தள்ற?"

பரணிதரன் பாஷாவைப் பிடித்துக் கீழே தள்ளினான்.

"டேய் பரணி, நாண்டா, பாஷா மாமாடா..."

பரணியின் உடம்பு இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. கைகள் விரிந்தன. வலது கால் பின்னால் போனது. அம்பிகாவின் வயிறு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்து உதை எங்கே விழும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். விலாவில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

சண்டை நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வாய் பிளந்தார்கள்.

"மாஸ்டர் காலுடா! அப்படியே மாஸ்டர் காலு!"

செக்ரட்டரி மண்ணிலிருந்து மைக்கைப் பொறுக்கி ஊதிப் பார்த்தார். "மாஸ்டர் சாகவில்லை தோழர்களே!"

கைதட்டினார்கள். பரணி மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே தமிழினியைத் தேடினான். அவள் சுவரோடு சுவராக ஒட்டி, இரண்டு கைகளாலும் விலாவைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அம்பிகா எழுந்தாள். பிணத்தின்மேல் விழுந்து அழப்போகிறாள் என்று பெண்கள் வழிவிட்டார்கள். அவள் பிணத்தைச் சுற்றிக்கொண்டு போய் மருமகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"வா."

"எங்க அத்தே?"

"கலவைக்கு. உங்கம்மா வூட்டுக்கு."

"மாமாவ இன்னும் எடுக்கவேயில்லியே..."

"அவரத் தூக்க ரெண்டு டீம் இருக்குது. நீ நட."

"யம்மா! எங்க போற?" பரணி கத்தினான். அவள் திரும்பவில்லை.

பாஷாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய ஆட்டோவில் அவர்களும் ஏறிக்கொண்டார்கள். பாஷாவின் தலை அம்பிகாவின் மடியில் இருந்தது. தெருமுனைப் பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. தமிழினி விலாவிலிருந்து ஒரு கையை எடுத்து, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.