ஜன்னலைச் சாத்துங்க

விடிந்தும் விடியாத நேரம். மலைமேல் வெள்ளக்கடைச் செருப்புப் பட்டறையில் காளியாயி சொலூஷன் பசை டப்பாவைத் திறந்தாள். குப்பென்று வந்த நெடி மூக்கிலேறிக் கண்ணைக் கரித்தது. செருப்பின் அடியில் தடவிக் காயவிட்டு, மேல்தோலை வைத்து அழுத்த வேண்டும். மரத்துப்போன விரல்களிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்க யாரும் எழவில்லை.

பட்டறையில் யாரும் அவளோடு பேசுவதில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு.

ஆடி மாதம் வீராயி கால் மரத்து இங்கேயே விழுந்தாள். இன்னும் நடை வரவில்லை. இந்த நெடிதான் காரணம் என்று பெண்கள் சங்கத்தில் முறையிட, காற்றை அளக்க ஓர் அதிகாரி வந்தார். காளியாயியின் இடுப்பில் காற்றை இழுக்கும் சின்ன மோட்டாரைக் கட்டி, ரவிக்கைக் கழுத்தோரம் கண்ணாடிக் குழாயைச் செருகினார். "இதை மூடாதேம்மா" என்று சொல்லிவிட்டு முதலாளியோடு காபி குடிக்கப் போய்விட்டார். மூட்டை தூக்கும் ஆண்கள் குறுக்கும் நெடுக்கும் போகிற இடம். நெஞ்சருகே மின்னும் சாமானோடு எப்படி உட்காருவாள்? முந்தானையை இழுத்துக் குழாயோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். நெடி குறைவுதான் என்று முடிவு வந்தது. முதலாளிக்குக் கொண்டாட்டம், நஷ்டஈடு கேட்ட வீராயிக்குக் கைவிரிப்பு.

போர்த்தியதைக் காளியாயியே வீராயியின் தங்கை பொன்னாயியிடம் சொல்லி அழுதாள். அன்றோடு எல்லார் பேச்சும் நின்றது. மத்தியானம் மூலையில் தனியாகக் களி தின்பது பட்டினியைவிடக் கொடுமையாக இருந்தது.

இன்று அதே அதிகாரி அந்த முடிவில் கையெழுத்து வாங்க வந்தார். ஜீப் சத்தம் கேட்டதுமே முதலாளி ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். மேகம் இறங்கி ஈரம் புகுந்தால் சொலூஷன் வெளுத்து ஒட்டாது என்று தினமும் எல்லாவற்றையும் சாத்த வைப்பவர் அவர்தான்.

காளியாயி எழுந்தாள்.

"ஏனுங்கையா, அன்னைக்கு அந்தக் குழாய முந்தானையில மூடிப்போட்டனுங்க. தப்பு எம்மேலதானுங்க. மறுக்கா அளங்க."

முதலாளி சிரித்தார். "அளந்தது அளந்ததுதான். புடிக்கலீன்னா ஊட்டுக்குப் போ."

"போறனுங்க. வீராயிக்குக் காலக் குடுங்க, போயிர்றேன்."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். அதிகாரியைப் பெரிய நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பையைத் திறந்தார்.

குழாய் மறுபடி ஏறியது. வெளியே மேகம் இறங்கி ஜன்னல் வழியாக நுழைந்தது.

"தொறந்தே இருக்கட்டும்!" என்றார் முதலாளி.

"சொலூஷன் வெளுத்துப் போயிருமுங்களே," பொன்னாயி எழுந்தாள். "தெனமும் நீங்க சொல்றதுதானுங்களே?"

ஒரு ஜன்னலைச் சாத்தினாள். மற்றப் பெண்களும் எழுந்து மற்றவற்றைச் சாத்தினார்கள்.

"சாத்துனவங்க யாரும் நாளைக்கு வரவேண்டாம்!"

"எல்லாருந்தானுங்க சாத்துனோம். நாளைக்கு யார வெச்சு ஒட்டுவீங்க?" என்றாள் பொன்னாயி.

முதலாளி வெளியே போனார். நெடி ஏறியது, கண்கள் எரிந்தன. காளியாயியின் கை பழக்கத்தில் முந்தானைக்குப் போனது. பொன்னாயி தன் தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி, அந்த முந்தானையைக் குழாயை விட்டு ஒதுக்கித் தோளோடு குத்தினாள். தன் பலகையை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தாள்.

இந்த முறை என்ன முடிவு வருமோ, நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. இடுப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"களி கொண்டாந்திருக்கீங்களாக்கா?" என்றாள் பொன்னாயி. "எனக்குங் கொஞ்சம் வெய்யுங்க."