அணைக்காத வண்டி

என் சாப்பர் மோட்டார் சைக்கிளுக்கு செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அப்படித்தான் வேண்டும் என்று நானே அடம்பிடித்துக் கட்டினேன். பிறகு பட்டதற்கெல்லாம் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை; வழி இருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

குளிர்ப்பெட்டி லாரியில் கேரட்டும் கீரையும் ஏற்றிக்கொண்டு காலம் முழுக்க ஓடியவன் நான். நெடுஞ்சாலையில் என் லாரியை ஒட்டி சாப்பர்கள் கடந்து போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். முன்சக்கரம் எங்கேயோ நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஸ்பிரிங் எதுவும் இருக்காது. ஓட்டுகிறவன் சாய்வு நாற்காலியில் கிடப்பவன் மாதிரி காலை நீட்டிக்கொண்டு போவான். எனக்கும் ஒன்று வேண்டும், அதையும் என் கையாலேயே கட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வேலையை விட்டு எங்கள் ஊர் ஓயில்டேலில் வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் நேரம் கிடைத்தது. நேரம் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. பொழுது விடிந்தால் பேச ஆளில்லாத வீடு அது. ரேடியோ ஒன்றுதான் வாய் ஓயாமல் பேசும், அதுவும் வானிலையைத்தான் பேசும்.

எனக்கென்று மிச்சமிருப்பது அக்கா நேடீன் ஒருத்திதான். மலைக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் கயூகோஸில் இருக்கிறாள். மச்சான் கிளைட் போனபிறகு அவளும் தனிதான். ஞாயிறு தவறாமல் போன் செய்வாள்.

“எப்படா வர?”

“வண்டி முடியட்டும்க்கா. அதுலயே வரேன்.”

“உன் வண்டி முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன் போலிருக்கு. வந்தா ராத்திரி தங்கணும், சொல்லிட்டேன். வந்து நின்னுட்டு ஓடறதா இருந்தா வரவே வேணாம்.”

“தங்கறேன்க்கா.”

மனதாரத்தான் சொன்னேன். அக்கா வீட்டில் ஓர் இரவுகூட நான் தங்கியதில்லை. அந்தப் பக்கம் சரக்கு போகும்போதெல்லாம் கடற்கரைச் சாலையில் லாரியை நிறுத்திவிட்டு அவள் தெருவில் ஏறிப் போவேன். குளிர்ப்பெட்டி ஓடவேண்டும், சரக்கு நேரத்துக்குச் சேரவேண்டும் என்று இஞ்சினை அணைக்க மாட்டேன். கிளைட் உட்காரச் சொல்லுவார். நான் முற்றத்தில் நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். இப்போது சரக்கும் இல்லை, நேரத்துக்குச் சேர இடமும் இல்லை. அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், காலையில் அவள் திட்டித்தான் எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

கராஜில் வேலையை ஆரம்பித்தேன். வண்டிக்கான பழைய இரும்புச் சட்டம் ஒன்று, வி-ட்வின் என்கிற பழைய இரட்டை சிலிண்டர் இஞ்சின் ஒன்று, இரண்டும் மைலோ கடையில் கிடைத்தன. மைலோ பழைய பார்ட்ஸ் விற்கிறவன். ஊரில் யார் எந்த வண்டியைக் கெடுக்கிறார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி.

முதல் தடவை கட்டுகிறவன் செய்யும் தப்புகளில் எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் நிறம் பூசாத வெறும் இரும்பாகவே பூட்டிப் பார்த்து, திரும்ப அக்கக்காகக் கழற்றி, அதன்பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும். நான் சட்டத்துக்கு முதலிலேயே ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று அடித்துவிட்டேன். பிறகுதான் டேங்க்கை வைத்துப் பார்த்தால், அதைத் தாங்கப் பட்டைகளையே வெல்டிங் செய்யவில்லை. வெல்டிங் வைத்ததும் பெயிண்ட் கொப்பளித்துக் கருகியது. மைலோவிடம் சொன்னேன். கல்லாவில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான்.

“கல்யாணத்தன்னிக்கு கோட்டு போட்டுட்டு அப்புறம் குளிக்கப் போன கதையால்ல இருக்கு!”

“சிரிச்சது போதும். இன்னொரு டப்பா ஆரஞ்சு குடு.”

இன்னொரு வேலை இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் புத்தகமும் எச்சரிப்பதில்லை. கால்மிதி எங்கே வரவேண்டும், ஹேண்டில்பார் எவ்வளவு பின்னால் வளைய வேண்டும் என்று பார்க்க, கட்டுகிறவன் வெறும் சட்டத்தின்மேல் ஏறி உட்கார வேண்டும். இன்னொருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சாக்குக்கட்டியால் குறி போட வேண்டும். கூட ஆள் இருந்தால் ஒரு நிமிட வேலை. நான் கராஜ் உத்தரத்தில் கயிறு கட்டி வண்டியைத் தொங்கவிட்டேன். ஏறி உட்கார்ந்து குறி போடக் குனிந்தால் கால் நகர்ந்துவிடும். காலை அசைக்காமல் வைத்தால் கை எட்டாது. இறங்கி, ஏறி, இறங்கி, ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அன்று அக்கா போன் செய்தபோது, “பக்கத்துல ஆள் இல்லயாடா?” என்று கேட்டாள். ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்து, “இருக்காங்களே, கேக்கலயா?” என்றேன்.

செல்ஃப் பேச்சு எழுந்தது அதற்கப்புறம்தான்.

“வெர்ஜில், வயசானா தப்பில்ல,” என்றான் மைலோ. “செல்ஃப் மோட்டார் வச்சுக்க. இது பெரிய இஞ்சின், உதைச்சா திருப்பி உதைக்கும். வேணும்னா என் வண்டிய ஒரு தடவ உதைச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணு.”

“பட்டன அமுக்கினா ஓடறது மிக்ஸி. நான் கட்டறது சாப்பர்.”

“முட்டி?”

“என் முட்டிய நான் பாத்துக்கறேன். நீ கடையப் பாரு.”

அவன் வண்டியை உதைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. செல்ஃப் மோட்டார் உட்கார வேண்டிய தாங்கியையும் அழகு கெடுகிறது என்று அறுத்துத் தள்ளிவிட்டேன். சீட்டும் ஒற்றை ஆளுக்குத்தான் வைத்தேன். பின்னால் யார் ஏறப்போகிறார்கள்?

வண்டி முடிந்தது. என் வாயால் சொல்லக்கூடாது, ஆனால் அழகாக இருந்தது. அதைத் தெருவில் நிறுத்தி, பெட்ரோலைத் திறந்து, கிக்கரின்மேல் வலதுகாலை வைத்து முழு எடையையும் இறக்கினேன். லாரியிலிருந்து குதித்துக் குதித்தே தேய்ந்துபோன முட்டி அது. இஞ்சின் பாதி சுற்றியது, திருப்பி உதைத்தது, முட்டிக்குள் என்னவோ இடம் மாறியது. பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்து கெட்ட வார்த்தை தீரும்வரை திட்டினேன். என் இருபத்தைந்து வயதுக் காலுக்கு ஒரு வண்டி கட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கால் எங்கே போயிற்றோ.

வேறு வழி பார்த்தேன். செல்ஃப் வைக்க வேண்டுமானால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும், சட்டத்தை மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும், பெயிண்ட் மறுபடி கருகும். உருட்டிவிட்டு கியரில் போட்டுக் கிளப்பலாம் என்றால் ஓயில்டேல் தோசைக்கல் மாதிரி தட்டை. தள்ளிக்கொண்டு ஓடவோ முட்டி இல்லை. மைலோவைக் கூப்பிடலாம். அதற்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டில் எவரார்டோ என்று ஒருவன், கூரை வேய்கிற வேலை. ஏணியில் ஓடுகளைச் சுமந்து ஏறுகிற கால்கள். இத்தனை காலம் அவனுக்கும் எனக்கும் தலையாட்டுவதோடு சரி. முட்டி வீக்கம் வடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில், இன்று வருகிறேன் என்று அக்காவுக்கு போன் செய்துவிட்டு, வேலி ஓரம் போய் நின்று தொண்டையைக் கனைத்தேன்.

“தம்பி, ஒரு உதை உதைக்கணும்.”

“யாரைப் பெரியவரே?”

சிரித்தபடி வேலி தாண்டி வந்தான். இரண்டாவது உதையிலேயே இஞ்சின் கிளம்பியது. தெரு முழுக்க அதிர்ந்தது, நாய்கள் எல்லாம் குரைத்தன, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் புகை என்று சொன்னேன்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“கயூகோஸ். அக்கா வீட்டுக்கு.”

“நடுவுல அணைச்சுட்டா?”

“அணைக்க மாட்டேன்.”

“அங்க போயி?”

கியரைப் போட்டேன்.

எண்ணெய்க் கிணறுகளையும் பாதாம் தோப்புகளையும் தாண்டி மேற்கே போகிற சாலை. பின்னால் ஸ்பிரிங் இல்லாததால் சாலையின் ஒவ்வொரு விரிசலும் முதுகெலும்பில் ஏறியது. இருந்தாலும் கொஞ்ச தூரத்துக்கு நான் ராஜாதான். முன்சக்கரம் எனக்கு முன்னால் எங்கேயோ தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

வழியில் லாஸ்ட் ஹில்ஸ் என்ற ஊரில் டேங்க் வறண்டது. சாப்பர் டேங்க் அழகுக்கு வைப்பது, நிறையப் பிடிக்காது. பம்பில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலே பெட்ரோல் போட்டேன். உள்ளேயிருந்த பெண் மைக்கில் கத்தினாள்.

“ஆறாம் நம்பர்! வண்டிய அணைங்க! ஏய் ஆரஞ்சு வண்டி, காது கேக்கலயா? எங்களையும் சேத்துக் கொளுத்தவா வந்திருக்க?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பணத்தை பம்பின்மேல் வைத்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டே நகர்ந்தேன்.

மலையேற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. லாரிக் காலத்தில் நான் ஆப்பிள் பை தின்ற கடை. இன்று அதன் வாசலில் சாப்பர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் கையால் கட்டியவை, பார்த்தாலே தெரியும். என் வண்டியைக் கண்டதும் ஒரு தாடிக்காரர் எழுந்து நின்று கையை வீசி வீசிக் கூப்பிட்டார். இன்னொருவர் தன் வண்டியை நகர்த்தி எனக்கு இடமே ஒதுக்கினார். இதற்காகத்தானே கட்டினேன்! யாராவது குனிந்து பார்த்து, “இந்த வெல்டிங் நீங்க வச்சதா?” என்று கேட்க மாட்டார்களா என்றுதானே கிடந்தேன்? அவர்களில் எவன் வேண்டுமானாலும் உதைத்துக் கொடுத்திருப்பான். ஆனால் தான் கட்டிய வண்டியைத் தானே கிளப்ப முடியாதவன் என்று அவர்கள் முன்னால் நிற்க என்னால் ஆகவில்லை. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். தாடிக்காரர் கையை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மலை முழுவதும் வெறும் வயிறு, மரத்துப்போன கை. அணைத்தால் கிளப்ப ஆளில்லாதவன் எங்கேயும் நிற்க முடியாது. தனிமை என்றால் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது என்னோடு சீட்டில் ஏறி வரும் என்று தெரியாது. அதுவும் ஒற்றை சீட்டில்.

கயூகோஸில் கடல்மூடுபனி இன்னும் விலகவில்லை. அக்கா தெருவில் ஏறி, வீட்டுக்கு முன்னால் வண்டியைத் திருப்பி, போகிற வாக்கில் நிறுத்தினேன். இஞ்சின் சத்தத்துக்கே கதவு திறந்தது. அக்கா மெலிந்திருந்தாள். கிளைட்டின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள்.

“அடப்பாவி, நிஜமாவே கட்டிட்டியே!” வண்டியைச் சுற்றி வந்தாள். “ஆரஞ்சா? அது சரி. மீன் சூப் வச்சிருக்கேன், உள்ள வா.”

நான் இறங்கவில்லை. ஆக்ஸிலேட்டரில் கை.

“வாடா. அணைச்சுட்டு வா.”

“இல்லக்கா, வந்து… பாத்துட்டுப் போலாம்னு…”

அவள் முகம் சட்டென்று மாறியது. என் வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று பார்த்தாள்.

“போற வாக்குல நிறுத்திட்ட. அணைக்கவும் இல்ல. லாரியும் போச்சு, கேரட்டும் போச்சு, உன் புத்தி மட்டும் போகல,” என்றாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “கீழ உன் லாரி உறுமற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும் தெரியுமா? நீ காபி குடிச்சு முடிக்கற வரைக்கும் அதத்தான் கேட்டுட்டு நிப்பேன். உன் மச்சான் பெட்ல கெடந்தப்பவும், ‘உன் தம்பி வண்டி சத்தம் கேக்குதா’ன்னுதான் கேட்டாரு. சரி, போ. மழைக்கு முன்ன மலையத் தாண்டிடு.”

உள்ளே போகத் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

நான் சாவியைத் திருப்பினேன்.

திடீரென்று கடல் சத்தம் கேட்டது. அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“என்னடா?”

“அணைச்சுட்டேன்.”

“தெரியுது.”

“இனிமே என்னால கெளப்ப முடியாதுக்கா. உதைச்சாத்தான் கெளம்பும். என் முட்டி போச்சு. பக்கத்து வீட்டுப் பையன்தான் காலைல உதைச்சு விட்டான். அதான் வழியெல்லாம் அணைக்கல. உன்னப் பாத்துட்டு ஓடணும்னு இல்ல. சத்தியமா இல்ல.”

அக்கா என் காலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, அதோடு வேறு என்னவோவும் வந்தது.

“உன்னாலயே கெளப்ப முடியாத வண்டிய உக்காந்து கட்டினியாடா? என் இடுப்பு இருக்கற லட்சணத்துக்கு நான் உதைக்க மாட்டேன்ப்பா. அப்ப இங்கயே கெடக்க வேண்டியதுதான்.”

“கெடக்கறேன்.”

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் தெரு கண்ணில் பட்டது. வீட்டு வாசலிலிருந்து கடற்கரைச் சாலைவரை ஒரே இறக்கம். நானும் அதில் முட்டி நோக நோக எத்தனை தடவை ஏறியிருக்கிறேன்! இரண்டாம் கியரில் போட்டு உருளவிட்டு, கிளட்சை விட்டால் பாதித் தெருவுக்குள் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். யாரும் உதைக்கத் தேவையில்லை. மூளை இருந்திருந்தால், அக்கா தெரு இறக்கம் என்பது ஓயில்டேலிலேயே ஞாபகம் வந்திருக்கும். வண்டி வேறு இறக்கத்தைப் பார்த்தே நின்றது. நினைத்தால் அந்த நிமிடமே போய்விடலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா படியோரம் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து வந்தாள். முன்சக்கரத்துக்குக் கீழே போட்டு, காலால் நன்றாகத் தள்ளி முட்டுக்கொடுத்தாள்.

“உன் மச்சான் கார் பேட்டரி செத்துப்போனப்பல்லாம், இந்த இறக்கத்துலதான் உருட்டி விட்டுக் கெளப்புவாரு,” என்றாள் என்னைப் பார்க்காமலே. “சூப் ஆறுது. வா.”