செருப்பு போடாமப் போறானே

பாட்டு வந்த சூட்டோடு ஊரையே பிடித்து ஆட்டியது. பஸ்ஸில், சலூனில், கல்லூரி வாசலில், எங்கே போனாலும் அதுதான். 'செருப்பு போடாமப் போறானே, யாராவது சொல்லுங்களேன்' என்று பாடகி பல்லவியைத் தொட்டதுமே கூட்டம் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதிக்கும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷத்தைப் பற்றிய பாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரி யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் தெரியாது.

பாடகியின் அம்மா சொன்னது. அச்சகத்தில் வேலை பார்த்த அண்ணன் வேலைநிறுத்த நோட்டீஸ் ஒன்றை அச்சடித்துக் கொடுத்திருந்தான். மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்தவனை, கழுவாத கையோடு இழுத்து வேனில் ஏற்றினார்கள். பின்னாலேயே ஓடின அம்மாவுக்கு 'விட்டுடுங்க' என்று கெஞ்சத் தோன்றவில்லை. வாயில் வந்தது இதுதான். அம்மாவின் கையைப் பிடித்தபடி கூடவே ஓடிய சின்னப்பெண்தான் இன்றைய பாடகி. போன அண்ணன் போனவன்தான்.

பாட்டை முதல்தடவை கேட்டதும் அம்மா ரேடியோவை அணைத்தாள். "என் வயித்தெரிச்சலுக்குத் தாளம் போட்டுட்டியேடி" என்றாள். அதோடு சரி, அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

அதிலிருந்து பாடகிக்கு மேடை ஏறவே பயம். பல்லவி வரும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ கூடவே முணுமுணுப்பது போல இருக்கும். சட்டென்று திரும்புவாள். டிரம்ஸ்காரர், "என்னக்கா, தாளம் தப்புதா?" என்பார்.

ஒருநாள் ஒத்திகை அறைக்கு ஒரு தையல்காரர் வந்தார். தலை நரைத்தவர். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்காமல், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"நானும் அந்த வேன்லதாம்மா இருந்தேன்."

பாடகி மைக்கைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் குலை நடுங்குது. உங்க அண்ணன் மட்டும் சிரிக்கிறான். 'நாடே பத்தி எரியுது, எங்க அம்மாவுக்குச் செருப்புதான் கவலை'ன்னான். சொல்லிட்டு அதையே மெட்டுப் போட்டுப் பாடினான். நாங்களும் சேர்ந்து பாடினோம்."

"மெட்டா? மெட்டு நான் போட்டதுங்க."

"இதே மெட்டுதாம்மா. ரேடியோல கேட்டதும் கத்தரிக்கோல் கையை விட்டு நழுவிடுச்சு. ஒரே ஒரு இடம்தான் வேற. 'யாராவது'ங்கிறதை நீங்க மேல தூக்குறீங்க. அவன் கீழ இறக்குவான்."

மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். இத்தனை நாளாக முதுகுக்குப் பின்னால் கேட்ட முணுமுணுப்பு, அந்த இடத்தில் கீழேதான் இறங்கும்.

அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனாள். அம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"அவனுக்குப் பாட்டு வராதே. வாயைத் திறந்தா கழுதை தோத்துப்போகும்."

"அன்னைக்கு வந்துச்சும்மா."

"அப்புறம்?"

தையல்காரர் டேப்பின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார். "கல்குவாரிகிட்ட வண்டியை நிறுத்தினாங்க. அவன் பேரைக் கூப்பிட்டாங்க. என் பேரைக் கூப்பிடலை."

அம்மா சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

"சிரிச்சான்னு சொன்னீங்களே, நிஜமாவா?"

"விழுந்து விழுந்து சிரிச்சான்."

மகன் போன பிறகு முதல்முறையாக அம்மா குரலெடுத்து அழுதாள். பாடகி அவளைக் கட்டிக்கொண்டு, "இனிமே அந்தப் பாட்டைப் பாடலைம்மா" என்றாள்.

"பாடு. அவன் பாடினமாதிரி பாடு."

அடுத்த கச்சேரியில் அப்படியே பாடினாள். பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த கூட்டம் வழக்கம்போல மேலே போயிற்று. அவள் கீழே இறங்கினாள். தனியாகத்தான் இறங்குகிறோம் என்று நினைத்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு குரலும் இறங்கியது, கட்டைக்குரல், சுருதி சேராமல்.

இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.