ரிவ்காவின் மணவிலக்கு

தெற்கு லண்டனில், லூயிஷாம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில், சந்திரவதனாவும் பத்மநாதனும் சேர்ந்து சட்ட அலுவலகம் நடத்தினார்கள். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்து அகதிகள். 1992ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ரிவ்கா என்ற யூதப் பெண், தேம்ஸ் ஆற்றைக் கடந்து, ஹென்டனிலிருந்து அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை.

"எங்கள் பகுதியில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாரும் என் கணவனோடு ஒரே தொழுகைக்கூடத்துக்குப் போகிறவர்கள்," என்றாள்.

அவள் கேட்ட விவாகரத்துக்கு ஆங்கில நீதிமன்றம் முதற்கட்டத் தீர்ப்புக் கொடுத்திருந்தது. இறுதித் தீர்ப்புக்கு அவள் விண்ணப்பிப்பதுதான் பாக்கி. ஆனால் அது மட்டும் அவளுக்குப் போதாது. யூத முறைப்படி கணவன் 'கெட்' என்ற மணவிலக்குப் பத்திரத்தைத் தன் கையால் அவளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் மதப்படி இன்னும் அவன் மனைவிதான். மறுமணம் செய்ய முடியாது.

"லியோன் தரமாட்டானாம். 'நீதானே விட்டுவிட்டுப் போனாய், அப்படியே கிட' என்கிறான்."

"உங்கள் மத நீதிமன்றம் அவனுக்கு உத்தரவு போடாதா?" என்று சந்திரவதனா கேட்டாள்.

"போட்டாலும் அவர்களிடம் பொலிசும் இல்லை, சிறையும் இல்லை. ஐரோப்பாவில் நாங்கள் தனித் தெருக்களில் வாழ்ந்த காலத்தில், அந்தத் தீர்ப்பை மீறியவனுக்கு யாரும் பாண்கூட விற்கமாட்டார்கள். லியோன் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்வான்." ரிவ்கா கசப்பாகச் சிரித்தாள். "மிரட்டி வாங்கவும் முடியாது. அவன் மனமொப்பித் தராவிட்டால் அந்தக் கெட் செல்லாது."

அவள் போனதும் பத்மநாதன் தலையை ஆட்டினார். "சந்திரா, உது எங்களுக்குத் தெரிஞ்ச கோடு கச்சேரி இல்லை. தெரியாத இடத்தில கால் வைக்காதையும்."

"ஏன் அண்ணை, ஒரு சனத்துக்கு ரெண்டு சட்டம் இருக்கிறது எங்களுக்குப் புதுசே? ஊரில எங்கட தேசவழமைச் சட்டத்தையும் கவுன்மேந்துச் சட்டத்தையும் ஒண்டா வைச்சுத்தானே வழக்குப் பேசினனாங்கள். எனக்கு ஏலும்."

அடுத்த முறை ரிவ்கா வந்தபோது, சந்திரவதனா லியோனைப் பற்றித்தான் விசாரித்தாள். அவனுக்கு வேறொரு பெண் இருந்தாள். வசந்தத்தில் அவளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கனடாவுக்குப் போகத் திட்டமிட்டிருந்தான்.

சந்திரவதனா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படியென்றால் இறுதித் தீர்ப்புக்கு நாங்கள் இப்போது விண்ணப்பிக்கப் போவதில்லை. அது வரும்வரை அவனும் மறுமணம் செய்ய முடியாது."

லியோனின் வக்கீல் தொலைபேசியில் சத்தம் போட்டார். சந்திரவதனா அமைதியாகப் பதில் சொன்னாள்: "உங்கள் கட்சிக்காரரே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குச் சில மாதம் பொறுக்க வேண்டும். அப்போது நீதிபதி எங்களிடம் காரணம் கேட்பார், நானும் சொல்வேன்."

லியோன் சும்மா இருக்கவில்லை. தன்னை நிர்ப்பந்தப்படுத்துகிறார்கள், இப்படி வாங்கும் கெட் செல்லாது என்று மத நீதிமன்றத்தில் முறையிட்டான். இரு தரப்பையும் அழைத்தார்கள். ரிவ்காவுடன் சந்திரவதனாவும் போனாள்.

சுவரெல்லாம் புத்தகங்கள் அடுக்கிய அறை. நீண்ட மேசைக்குப் பின்னால் யூத மதகுருமாரான மூன்று ரபிகள் நீதிபதிகளாக அமர்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"இவரை நீங்கள் நிர்ப்பந்திக்கிறீர்களா?"

"இல்லை, ஐயா."

"பொய்!" லியோன் பாய்ந்து எழும்பினான். "என்னால் கல்யாணம் செய்ய முடியவில்லை, எங்கேயும் போக முடியவில்லை!"

சந்திரவதனா அவன் பக்கம் திரும்பவில்லை. "இவரிடமிருந்து நாங்கள் எதையும் பறிக்கவில்லை. விரும்பினால் இவர் இப்படியே இருக்கலாம். ரிவ்கா எப்படி இருக்கிறாளோ, அப்படி."

ரபிகள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒருவர் தடித்த புத்தகமொன்றை இழுத்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். கடைசியில் நடுவில் இருந்தவர் சொன்னார்:

"ஒருவனை அடிப்பது, மிரட்டுவது நிர்ப்பந்தம். அவனுக்கு உதவி செய்யாமல் ஒதுங்கி நிற்பது நிர்ப்பந்தம் அல்ல. எங்கள் அறிஞர்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசித் தெளிந்துவிட்டார்கள். லியோன், வீட்டுக்குப் போய் யோசியுங்கள். எங்களுக்கு அவசரம் இல்லை."

அவசரம் லியோனுக்குத்தான் இருந்தது. குளிர்காலம் முடிவதற்குள் அவனாகவே திரும்பி வந்தான்.

எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தோய்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கெட்டை எழுதி முடித்தார். சாட்சிகள் ஒப்பமிட்டார்கள்.

"சொந்த விருப்பத்தோடுதான் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார் ரபி.

லியோன் மை காயாத பத்திரத்தைப் பார்த்தான். இப்போது அவன் 'இல்லை' என்று சொன்னால், எல்லாம் அவ்வளவுதான்.

"ஓம்," என்றான் அவன். பிறகு, களைத்த குரலில், "எனக்கும் இது முடிய வேண்டும்."

ரிவ்கா இரு கைகளையும் ஏந்தினாள். பத்திரம் அதில் விழுந்தது. வழக்கப்படி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுவரை நடந்தாள்.

மறுநாளே சந்திரவதனா இறுதித் தீர்ப்புக்கு விண்ணப்பித்தாள். லியோன் கனடாவுக்கு விமானம் ஏறினான்.

சில வருடங்களின் பின் ரிவ்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது, சந்திரவதனாவும் பத்மநாதனும் போயிருந்தார்கள். விருந்து மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவர்களிடம் வந்து, தயங்கித் தயங்கி, "நீங்கள்தானே அந்த லூயிஷாம் வக்கீல்? என் கணவனும் கெட் தரமாட்டேன் என்கிறான்," என்றாள்.

பத்மநாதன் எழும்பித் தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தார். "கேளும் சந்திரா, நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாறன்," என்றார்.