ஒர்பாளின் பிடரி

பிடரியில் அத்தையின் விரல்கள், எண்ணெய் தொட்ட விரல்கள், கூந்தலை மூன்றாய்ப் பிரித்து இறுக்கி இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தன, கண்ணோரம் இழுக்கிற அளவு இறுக்கம், ஆனாலும் வலிக்குது அத்தை என்று ரூத் சொல்லவில்லை, புருஷன் காலேப் போன இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை, மகனைப் பறிகொடுத்த அன்னப்பூவுக்குக் காலையில் மிச்சமிருக்கிற ஒரே வேலை மருமகளுக்குத் தலை பின்னுவதுதான், அதையும் எப்படிப் பிடுங்குவது. இன்றைக்கு ஞாயிறு, அறுப்பின் பண்டிகை, நாளைக் காலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் போய் நிற்காவிட்டால் அந்த வேலை இன்னொருத்திக்கு, கடிதம் பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் பதினெட்டு நாளாய் ஒளிந்து கிடக்கிறது, இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறாள், ஏட்டி ஆடாம இரு, என்கிறாள் அத்தை, ரிப்பன் முடிச்சு விழுகிறது, வாய் மூடிக்கொள்கிறது.

எதிர்ச் சுவரில் அந்த வசனம், கண்ணாடிச் சட்டத்துக்குள், பொன் எழுத்தில், நீர் எங்கே போனாலும் கூடவே வருவேன் என்று வேதத்தில் ரூத் கொடுத்த வாக்கு, பெண்ணின் பெயரும் ரூத்தாயிற்றே என்று கல்யாண அட்டையில் ஆசை ஆசையாய் அச்சடித்தது, கோயிலில் காலேப்பின் முகத்தைப் பார்த்து அதை அவளே மனப்பாடமாய்ச் சொன்னாள், அவன் மீசை நடுங்கியது, சிரிப்பை அடக்கினானா அழுகையையா என்று அப்புறம் எத்தனை தடவை கேட்டும் சொல்லவேயில்லை. வேதத்து ரூத் அந்த வாக்கைப் புருஷனுக்குக் கொடுக்கவில்லை, புருஷன் செத்தபிறகு மாமியாருக்குக் கொடுத்தாள், அது கல்யாணக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, முதல் பெஞ்சில் பட்டுச்சேலையில் இருந்த அன்னப்பூ மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பதினாலாம் மாதம் திருச்செந்தூர் ரோட்டில் காலேப்பின் பைக்கும் ஒரு மணல் லாரியும் மோதின, அதோடு அந்த வாக்கு சொந்தக்காரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பேருக்கேத்த பிள்ளை என்கிறது ஊர், பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூட ரூத் மாதிரி மருமகள் வேண்டுமென்று ஜெபிக்கிறார்கள், ரூத்துன்னா தோழின்னு அர்த்தம் தாயி என்று சின்ன வயதில் அப்பா சொன்னபோது எவ்வளவு சந்தோஷமாயிருந்தது, பூட்டு என்று அர்த்தம் சொல்லியிருக்கலாம். சபையில் நாலு ரூத் இருக்கிறார்கள், வேதத்து ரூத்தின் மாமியார் நகோமிக்கு இன்னொரு மருமகள் ஒர்பாள், மாமியாரை முத்தமிட்டு அழுதுவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பியவள், அவள் பெயரைப் பிள்ளைக்கு என்ன, கோழிக்குக்கூட வைக்க ஆளில்லை, ஒர்பாள்னா பிடரின்னு சொல்லுதாங்க, முதுகு காட்டிப் போனவ பாருங்க, என்று வேதபாடத்தில் பாதிரி ஐயர் சொன்னபோது ரூத்தின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது, போ போ என்று நகோமிதானே சொன்னாள், சொன்ன பேச்சைக் கேட்டவளுக்கா இந்தக் கெட்ட பெயர் என்று அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்டிகை நாடகத்தில் போன வருஷம் வரைக்கும் ரூத்துக்கு ரூத் வேஷம், அன்னப்பூ நகோமி, ஒர்பாளுக்குத்தான் ஆள் அகப்படாது, கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைக்கு அந்தப் பட்டம் வேண்டாம் ஐயரே என்று தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள், போன வருஷம் ஒரு நாற்காலிக்குச் சேலை சுற்றி நிறுத்தி, பிரியும் கட்டத்தில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், சபையே சிரித்தது. இந்த வருஷம் ஒத்திகையில், நான் ஒர்பாளா நிக்கேன் ஐயரே, என்று ரூத் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை, அன்னப்பூ ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், மறுநாளிலிருந்து பின்னல் இன்னும் இறுகியது.

வாழைத்தாரும் கரும்பும் கட்டிய கோயிலில் மூன்று பேர் நிற்கிறார்கள், ரூத்தாக ஜெனிலா என்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை, நகோமியாக அன்னப்பூ, காலுக்குக் கீழே கல்யாணத்தன்று நின்ற அதே தரை, எதிரே காலேப் நிற்கிறான், மீசை நடுங்குகிறது, இல்லை, அது அத்தையின் உதடு, திரும்பிப் போங்க மக்களே, உங்க தாய்வீட்டுக்குப் போங்க, என்று ஊரறியச் சொல்லிவிட்டாள், ஜெனிலா கணீரென்று போகமாட்டேன் என்கிறாள், ரூத் குனிந்து அத்தையின் கன்னத்தில் முத்தமிடுகிறாள், உப்புக் கரித்தது, திரும்ப வேண்டியதுதான், திரும்ப முடியவில்லை, பின்னல் அத்தையின் கைப்பிடியில் இருக்கிறது. அத்தை, வசனம் முடிஞ்சிட்டு, என்று காதோடு சொன்னாள். முடியலட்டி, எம்மகனுக்குச் சொன்ன வசனத்த நான் எடுத்து வச்சிக்கிட்டேன், என்றாள் அன்னப்பூ, அதுவும் காதோடுதான், பிறகு காலையில் போட்ட முடிச்சை அதே விரல்கள் தடவித் தேடின, ரிப்பன் உருவப்பட்டது, பாட்டுப் புத்தகம் பைக்குள்ள இருக்கு, பை வாசல்ல இருக்கு, போ.

ரூத் நடந்தாள், சபை பார்த்துக்கொண்டிருந்தது, திரைக்குப் பின்னால் நிற்கவேண்டியவள் நிற்கவில்லை, பக்கவாசலில் பையை எடுத்தாள், தெருவில் வெயில், திரும்பிப் பார்த்தால் ரூத்தாகிவிடுவோம் என்று பயந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பார்க்கவேயில்லை, அவிழ்ந்த கூந்தலுக்குள் காற்று புகுந்தது, அத்தையின் விரல்கள் இல்லாத பிடரி, மூன்று வருஷம் இறுகிக் கிடந்த இடம் இப்போதுதான் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது, வலிக்குது அத்தை, என்றாள் ரூத், கேட்க ஆளில்லாத ரோட்டில், முதல்முறையாக.