ஐந்து அறை வீட்டில் ஏழாவது ஆள்

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. கோபப்பட்டவள் வனஜா. அவள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதமாக எழுதிப் பார்க்கிறேன். வாக்கியத்துக்குள் அடங்க மறுக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "2003ஆம் ஆண்டு, பெங்களூரில் மெல்லிய மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்..." அடித்துவிட்டேன். பெங்களூர்க் கதை என்றதும் மழையை இறக்கிவிடுவது சோம்பேறித்தனம். அன்று மழையும் இல்லை.

அடுத்தது: "வனஜாவின் அப்பா காணாமல்போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது." இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் உடனே இரக்கப்படத் தயாராகிவிடுவீர்கள். இரக்கம் வனஜாவுக்குப் பிடிக்காது. ஆகவே அவளுடைய வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

2

வனஜாவுக்கு இருபத்தொன்பது வயது. பெங்களூர் ஈஜிபுராவில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். நடக்கிற தூரத்தில் அலுவலகம். நூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய்க் கையால் எழுதிய மக்கள்தொகைக் கணக்கை ஒரு நிறுவனம் இணையத்தில் ஏற்றியிருந்தது. அதில் தங்கள் முன்னோரைத் தேடிக் கிடைக்காதவர்கள் எழுதும் புகார்கள் வனஜாவின் மேசைக்கு வரும். அவள் அந்த ஆளைத் தேடிப்பிடித்து, மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டு, பட்டியலில் திருத்த வேண்டும்.

தேடுவதற்கு ஒரு முறை உண்டு. ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி. எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு முன்னால் மூன்று எழுத்தாவது கொடுக்க வேண்டும். வெறும் நட்சத்திரத்தை இயந்திரம் வாங்காது. முதல் எழுத்தே தவறாக ஏறியிருந்தால் குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, அந்த வீட்டின் கடைசிக் குழந்தையின் பெயரையும் வயதையும் போட்டுத் தேட வேண்டும். கடைக்குட்டியின் வயதில் யாரும் பொய் சொல்வதில்லை என்பது வனஜாவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

(உங்கள் இந்தியத் தட்டச்சர்கள் என் தாத்தாவைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தாராம். தாத்தாவின் பெயரைக் கோழி கிளறியதுபோல் எழுதி வைத்தவர் அந்த ஊர்க்காரரேதான். அதைப் பதிலில் சொல்ல வனஜாவுக்கு அனுமதி இல்லை.)

டெவன்ஷயர் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றை இப்படி மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தாள். கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள். கேட்டிருந்த மூதாட்டியிடமிருந்து கடிதம் வந்தது: "என் பாட்டனாரின் தம்பியை மீட்டுக் கொடுத்தீர்கள். எந்த மனிதரும் பதிவில் இல்லாமல் போகக் கூடாது." டீம் லீடர் டெரிக் அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தினான்.

"பாரு வனஜா, வெள்ளக்காரம்மா உனக்கு சர்டிஃபிகேட்டே குடுத்துருச்சு. ட்ரீட் எப்போ?"

"அந்தம்மாவயே வந்து வைக்கச் சொல்லு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எந்த மனிதரும் என்றால் எந்த மனிதர் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

3

இனி அப்பாவைச் சொல்லாமல் நகர முடியாது.

1991 பிப்ரவரியில் ஈஜிபுராவிலிருந்த அவர்களுடைய தகர ஷெட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எழுதினார். டீச்சருக்குத் தமிழ் அரைகுறை, அப்பாவுக்குக் கன்னடம் அரைகுறை.

"கெலசா ஏனு, என்ன வேலை?"

"சென்ட்ரிங் மேடம்."

"அப்படின்னா?"

"காங்கிரீட் ஊத்தறதுக்கு முன்னால பலகை அடிப்போம்ல, அது. எறுகினதும் பிரிச்சு எடுத்துருவோம்."

(நாங்க செஞ்சது எதுவும் கட்டடத்துல நிக்காது மேடம் என்று அப்பா சிரித்ததாக எழுதியிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை என்றாள் வனஜா. எடுத்துவிட்டேன்.)

அந்த டிசம்பரில் காவிரிக் கலவரம். ஷெட்டு எரிந்தது. ரேஷன் கார்டு உள்ளே இருந்தது. வனஜாவும் அம்மாவும் தெரிந்தவர் வீட்டுக் குளியலறையில் இரண்டு நாள் ஒளிந்திருந்தார்கள். காலையில் மைசூர் ரோடு பக்கம் வேலைக்குப் போயிருந்த அப்பா, அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கி

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்படியே இருக்கட்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொள்ள மறுத்தார்கள். "இப்படி ஒரு ஆளு இங்க இருந்ததுக்கு என்ன ரெக்கார்டு? ஊருக்கு ஓடியிருப்பான். ஒரே ஒரு கவர்ன்மென்ட் பேப்பர் கொண்டா, எழுதிக்கறேன்." பன்னிரண்டு வருடத்தில் வனஜா ஆறு முறை போனாள். அதிகாரி மாறினார், பதில் மாறவில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் அம்மா இன்னும் அவர்களுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள்.

4

நன்றிக் கடிதம் பலகையில் ஏறிய அன்றுதான் வனஜாவுக்கு உறைத்தது. கவர்ன்மென்ட் பேப்பர் இருக்கிறது. பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து எழுதிய சீட்டு.

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, கேட்டுக் கேட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே சேஷகிரி என்கிற எழுத்தர். நல்ல மனிதர். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன்; கதை சுலபமாக நடந்தது, அதனாலேயே கிழித்துவிட்டேன். அவர் வனஜாவை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"அது குடுக்க வராதும்மா. சட்டம் ஹாகே, அப்படித்தான். ஒருத்தர் விவரம் இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது. கோர்ட்ல சாட்சியாகூட செல்லாது."

"இன்னொருத்தர் இல்ல சார். எங்கப்பா."

"யாரு அப்பான்னாலும் அஷ்டே, அவ்வளவுதான்."

"சீட்டு எங்க இருக்குன்னாவது சொல்லுங்க."

"எங்கயும் இல்ல. கூட்டி டேபிள் போட்டதும் சீட்டெல்லாம் அழிச்சுடுவாங்கம்மா. எப்பவோ போயிருக்கும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவந்தார். மாவட்டத்தின் பக்கத்தை விரித்து ஓர் எண்ணின் கீழ் விரலை வைத்தார்.

"நோடி, நாப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம். உங்கப்பாவ விடல நாங்க. இதுக்குள்ள இருக்கார்."

ஆறுதலாகத்தான் சொன்னார். வனஜா அந்த எண்ணை இடமிருந்து வலமாகப் பார்த்தாள்.

"இதுல எது சார் அவரு?"

சேஷகிரி புத்தகத்தை மூடினார்.

ஒருவரைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். அவர் சொன்ன விவரத்தை வைத்து யாரும் அவரைத் துன்புறுத்திவிடக் கூடாதாம். சரி. ஆனால் டிசம்பரில் ஷெட்டை எரிக்க வந்தவர்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டா வந்தார்கள்? இங்கிலாந்திலும் நூறு வருடம் பூட்டித்தான் வைக்கிறார்கள். நூறு வருடம் கழித்துத் திறப்பதற்கு அங்கே ஏதோ இருக்கிறது.

5

இந்த இடத்தில் என் பாத்திரத்தை நான் நம்பவில்லை. இப்படிச் செய்வாளா என்று பலமுறை நிறுத்தினேன். ஆத்திரத்தில் நிதானம் தவறிச் செய்ததாக எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"கிறுக்கெல்லாம் இல்லக்கா. யோசிச்சுத்தான் போட்டேன்."

மறுநாள் காலை இயந்திரத்தைத் திறந்ததும் முதல் வேலையாக, அப்பா பெயரின் முதல் மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து ஒரு நட்சத்திரம் போட்டாள். பதிவுகள் எதுவும் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் எப்படி இருப்பார்? தெரிந்துதான் தேடினாள்.

பிறகு டெவன்ஷயர்ப் பக்கத்தைத் திறந்தாள். அந்தக் கணக்கில் அறைகளுக்கு ஒரு கட்டம் உண்டு. ஐந்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் எழுதுவார்கள். இந்த வீட்டுக்கு அது காலி. ஆறு பேருக்கு ஐந்து அறையாவது இருந்திருக்கிறது. பட்டியலில் ஏழாவதாக ஒரு வரி சேர்த்துச் சேமித்தாள்.

மறுபடியும் மூன்று எழுத்து, நட்சத்திரம்.

ஒரு பதிவு கிடைத்தது.

அந்தச் சொற்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த புகாருக்குப் போனாள்.

6

நான்காம் நாள் டெரிக் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான். சரிபார்ப்பில் சிக்கியிருந்தது: மூலப் பக்கத்தில் ஆறு பேர், பட்டியலில் ஏழு.

"யாரு இது? ஏழுமலை. குடக்கூலிக்கு இருப்பவர். வயசு நாப்பத்தி நாலு. தச்சு வேலை."

"சென்ட்ரிங்குக்குத் தனியா கோட் நம்பர் இல்ல."

"பிறந்த இடம் போளூர்." நிமிர்ந்தான். "டெவன்ல ஏது போளூர்?"

"எங்கப்பா."

டெரிக் கண்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவன். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பான். இப்போது அந்த வரியை மறுபடி படித்தான்.

"ஏன் அந்த வீட்ல?"

"எடம் இருந்துச்சு."

"வனஜா, இது பொய்."

"பொய்தான். நிஜம் எழுதின சீட்ட அழிச்சுட்டாங்க."

"ஆறு மணிக்கு ஃபைல் கிளையன்ட்டுக்குப் போகுது. அவன் பாத்தா உன்னத் தூக்குவான், அப்புறம் என்ன. வீட்ல அம்மா இருக்காங்க, யோசி. நான் கை வைக்கல. நீயே எடுத்துரு."

"அந்த லெட்டர போர்டுலேர்ந்து எடுத்தியா நீ?"

"அது என்ன பண்ணுச்சு உன்ன?"

"எந்த மனிதரும்னு போட்டிருக்கு. படிச்சியா, குத்தும்போது?"

வனஜா தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வனஜா அழித்துவிடுகிறாள். வேலை நிலைக்கிறது, நியாயமான முடிவு. எழுதி முடித்ததும் ஏழுமலையை இரண்டாம் முறை அழித்தவள் நான் என்று தோன்றியது.

இன்னொன்றில் அழிக்க மறுக்கிறாள், வேலை போகிறது. பல வருடம் கழித்து அந்த மூதாட்டியின் பேத்தி தேடும்போது ஏழாவது ஆளைப் பார்த்துத் திகைக்கிறாள். படிக்க அழகாக இருந்தது. அந்த வீட்டுக்காரர்களின் உண்மைக் கணக்கில் ஒரு பொய் ஏறிக் கிடப்பதை அந்த அழகு மறைத்தது.

மூன்றாவதில் சேஷகிரி ஏதோ ஒரு காகிதக் கட்டிலிருந்து அப்பாவின் சீட்டை உருவிக்கொண்டு வருகிறார். வெட்கத்தோடு கிழித்தேன்.

ஆறு மணிக்கு என்ன செய்தாய் என்று வனஜாவிடம் கேட்டேன். "நீங்க என்ன செஞ்சிருப்பீங்க, அத மொதல்ல சொல்லுங்கக்கா" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் சொல்லவில்லை.

ஆகவே திரையை உங்கள் பக்கம் திருப்புகிறேன். மணி ஐந்து ஐம்பது. ஏழாவது வரி தேர்வாகி நிற்கிறது. இந்தப் பதிவை நீக்கலாமா என்று கேட்கிறது. ஆம், இல்லை, இரண்டுதான். அழுத்தும் முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஏழுமலை ஈஜிபுராவில் இருந்தார். இதற்கு ஆதாரம் என்ன என்று நீங்களும் கேட்காதீர்கள்.