வெள்ளிக் கூடு

நாட்டுப் பறவைகள் என்றால் அக்காவுக்கு உயிர். மீன்கொத்தித் தோடு, தேன்சிட்டுப் பதக்கம், இரட்டைவால் குருவி மோதிரம் என்று வெள்ளியிலேயே ஒரு காட்டை வளர்த்துவிட்டாள். ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை: "காட்டில் தவமிருந்து கண்டது." தவம் முழுக்கக் கைப்பேசியில்தான் நடந்தது. காடு என்றால் கொசு கடிக்குமே!

நிஜப் பறவை ஒன்று தினமும் அவள் நகைப் பட்டறைக்கு வரத்தான் செய்தது. வெள்ளி பற்றவைக்கும் புகை போகத் திறந்து வைத்த ஜன்னலில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கும். காக்கை. அக்கா அதை அடிக்கோலால் விரட்டுவாள்.

"சனியன்! உன்னையெல்லாம் யாரு காதுல மாட்டிக்குவா?"

மெருகு போடுவது தங்கையின் வேலை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அக்காவுக்கும் அப்படித்தான், குருவியின் அலகு கோணியிருப்பது கண்ணில் படாது. அதை அரத்தால் ராவி நேராக்குவதும் தங்கைதான். அட்டையில் அவள் பெயர் இருக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

ஆனால் மேசையிலிருந்த மெல்லிய வெள்ளிக் கம்பித் துண்டுகள் காணாமல் போகத் தொடங்கியதும் அக்கா அவளைத்தான் பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா? அம்மாவிடம் சொன்னாள், சித்தியிடம் சொன்னாள். சித்தியிடம் சொன்ன பிறகு ஊரில் யாருக்குச் சொல்ல மிச்சம்? தங்கை தினமும் கிளம்பும்போது கைப்பையைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. கூடப் பிறந்தவளே பையைத் துழாவும்போது அவளுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

ஒருநாள் ஏசி மெக்கானிக், ஜன்னலுக்கு மேலே வெளிச்சுவரில் இருந்த ஏசிப் பெட்டியைக் கழுவ ஏறினார். இறங்கும்போது கையில் ஒரு காக்கைக் கூடு. சுள்ளிகளுக்கிடையே காணாமல் போன கம்பியெல்லாம் வளைந்து நெளிந்து மின்னியது.

"குஞ்செல்லாம் பறந்து போயிடுச்சும்மா, காலிக் கூடுதான்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தங்கை அக்காவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். அக்கா மும்முரமாக அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் பெரிய நகைக்கடைக்கார அம்மா சரக்கு பார்க்க வந்துவிட்டார். அக்கா நீட்டிய மீன்கொத்திகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே கூட்டிடம் போனார்.

"அடேயப்பா, என்ன உயிர் இதுல! யார் செஞ்சது?"

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா, கூசாமல். "ராப்பகலா உட்கார்ந்து கட்டினது."

 தங்கை மெருகுத் துணியைக் கீழே வைத்தாள்.

"இல்ல மேடம், நான் கட்டினது. இந்தக் கம்பியை எடுத்தது நான்தான்னு அக்காவே ஊரெல்லாம் சொல்லியிருக்கா. வேணும்னா எங்க சித்தியைக் கேளுங்க. எடுத்தவதானே கட்டியிருக்கணும்?"

அக்கா கையிலிருந்த மீன்கொத்திகளை மேசையில் போட்டாள்.

கடைக்கார அம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கையாம்மா! உன் பேரைச் சொல்லு, அட்டையில பெரிசாப் போட்டுடலாம்."

அக்கா எதையும் தாங்குவாள். இதை மட்டும் தாங்க முடியவில்லை.

"பொய் மேடம்! அதைக் கட்டினது காக்கா! இவ ஒரு கம்பியைக்கூட எடுக்கல!"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"இதையே சித்திகிட்டயும் சொல்லிடுக்கா" என்றாள் தங்கை. கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். திறந்து காட்டாமல் வெளியே நடந்தாள்.